பெரியம்மாவின் ஜாடியில் வெட்டிவேர்

என் மரியாதைக்குரிய பெரியம்மாவுக்கு, உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை வாய் உபசாரத்துக்காக எழுதவில்லை; நிஜமாகவே பயந்துபோய் எழுதுகிறேன். கையில் தண்ணீர் டம்ளர் இருந்தால் தயவுசெய்து கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்று இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் நீங்களே கேள்வி கேட்டு, நீங்களே பதில் சொல்லி, "சரி, வச்சிடறேன், அடுப்புல வேலையிருக்கு" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தில்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் நம் பட்டறை வெல்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. பட்டறை பிழைத்தது. நிக்கலும் குரோமியமும் முலாம் பூசிக் கழுவுகிற தண்ணீர், மருந்து போட்டுத் தெளியவைத்த பிறகும் பச்சையாகவே நிற்கிறது, இனியும் இப்படி என்றால் பூட்டு போடுவோம் என்று சோதனை அதிகாரி சொல்லியிருந்தார் அல்லவா? பழைய பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி மிதவை செய்து, தொட்டி முழுக்க வெட்டிவேர்ப் புல்லை மிதக்க விட்டோம். வேர் தண்ணீருக்குள் ஆள் கூந்தல் நீளத்துக்கு இறங்கியது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தொட்டியின் அடித்தளம் கண்ணுக்குத் தெரிந்த அன்று நான் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மால் கெட்டது ஒன்று நம் கண் முன்னாலேயே சரியாகிறது என்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அழுக்கு எங்கே போனது என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. வேதியியல் படித்தவள் வேறு!

இன்று காலை அதிகாரி வந்தார். தண்ணீரைச் சோதித்தார். "பாஸ்" என்றார். எனக்கு உயிர் வந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பழைய செடியைப் புடுங்கிட்டுப் புதுசு வச்சிருக்கீங்களே, அந்த வேரை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளைதான் தெரியுமே, ஆணி வளைந்தால்கூட நிமிர்த்தி வைத்துக்கொள்கிறவர். கல்யாணத்தன்றே நீங்கள் அவருக்கு வைத்த 'பிசினாறி' என்ற பட்டத்தை ஒரு நாளும் தவறவிடாதவர். "வீணாக்குவேனா சார்? அலசி, மொட்டை மாடியில காயவச்சு, கட்டு கட்டா வேண்டியவங்களுக்குக் கொடுத்தேன். என்னா வாசனை! உங்களுக்கும் ஒரு கட்டு தரட்டுமா?" என்றார்.

அதிகாரி செருப்போடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், தண்ணில இருந்ததெல்லாம் இப்ப அந்த வேர்லதான் சார் இருக்கு. குப்பையில போடவே நாங்க விடமாட்டோம். நீங்க பரிசு கொடுத்திருக்கீங்க!"

பெரியம்மா, அழுக்கு அழியவில்லை, வீடு மாறியிருக்கிறது. அதற்கு வண்டி வைத்துக் குடித்தனம் மாற்றியவர் என் வீட்டுக்காரர்.

ஓடினேன். மாடி வீட்டுப் பாட்டு டீச்சர் நல்லவேளையாகத் துணி அலமாரியில்தான் வைத்திருந்தார். "பூச்சி வராதுன்னாரே உங்க வீட்டுக்காரர்?" என்றார். "வராது டீச்சர். மனுஷங்களே பக்கத்துல வரக்கூடாதாம்" என்று பிடுங்கிக்கொண்டு, துணியையெல்லாம் அலசச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்தது மாமனாரின் தலையணை. "இத்தனை வருஷத்துல இப்பத்தான் எனக்கு ஒழுங்கா தூக்கம் வருது, அது பொறுக்கலையா உனக்கு?" என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் குளிக்கப் போன நேரத்தில் தலையணையையே மாற்றிவிட்டேன். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்தவர், "இன்னிக்கு வாசனை தூக்கலா இருக்கு" என்கிறார்! வெறும் பஞ்சு.

மிச்சம் இருப்பது உங்கள் கட்டு. போன வாரம் நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "ஏய், உன் புருஷன் கொண்டாந்த வேரை ஜாடியில போட்டுத் தெனம் குடிக்கிறேன்டி. முட்டிவலி போன இடம் தெரியல. மாடிப்படி ஏறுறேன்!" நானும் சந்தோஷப்பட்டேன், மடச்சி. அம்மா போன பிறகு என்னை 'ஏய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் நீங்கள் ஒருத்திதான் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் வெறும் 'மேடம்'தான். ஜாடித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வேரை வெல்டரிடம் கொடுங்கள். அவர் வண்டியிலேயே ஏறிப் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஊசிக்குப் பயந்து அவரிடம் சண்டை போடாதீர்கள். பாவம், அவர் அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

எல்லா நலமும் உங்கள் பக்கமே இருக்கட்டும், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே.

உங்கள்
'ஏய்'

பி.கு.: உறைக்குள் போடுமுன் உங்கள் மாப்பிள்ளை இதை வாங்கிப் படித்தார். முகம் செத்துப் போயிற்று. "பெரியம்மாவுக்கு நான் நம்ம வேரைக் கொடுக்கலையே" என்றார். "பின்னே?"

"கடையில வாங்கினது. சாக்கடையில மொளச்சதை ஓசியில தள்ளிவிட்டுட்டான்னு உங்க பெரியம்மா ஊர் பூராச் சொல்லுவாங்களேன்னு... இருக்கறதுலயே ஒசத்தியா எடுத்தேன்."

"காலையிலேர்ந்து பேயா அலையறேனே, சொல்றதுக்கென்ன?"

"நீ டீச்சர், அப்பான்னுதானே ஓடின. பெரியம்மான்னு ஒரு வார்த்தை சொன்னியா? நானா வந்து செலவு பண்ணினேன்னு எப்படிச் சொல்றது?"

உங்களுக்கென்று முதலில் கட்டிய வேர், அவர் மேசைக்கடியில் செய்தித்தாளில் சுற்றியபடி கிடந்தது. அதிகாரியிடம் ஒப்படைத்தாயிற்று. பெரியம்மா, நான் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். நீங்கள் தண்ணீரைக் குடியுங்கள். படி ஏறுங்கள். ரத்தம் உங்களிடமே இருக்கட்டும்.

ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி வேலையில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன். இரண்டு பக்கமும் இவ்வளவு நெருக்கி எழுதிய தாளை எறிய மனம் வரவில்லை. அனுப்புகிறேன்.