பிள்ளைகளின் லீவுப் படிப்பு பற்றிய அறிக்கை

மஹய்யாவ, கண்டி.
வெள்ளிக்கிழமை, நல்ல மழை.

பேரன்பும் பெருமதிப்பும் பள்ளிக்கூடப் பிரதி அதிபர் பதவியும் கொண்ட அக்கா அவர்களுக்கு,

தம்பி அழகர் எழுதுவது. இங்கே நானும் புஷ்பராணியும் உங்கள் பிள்ளைகள் இருவரும் நலம்; ஆட்டோவுக்கு மட்டும் பிரேக் கொஞ்சம் சரியில்லை. ஹட்டனில் நீங்களும் மச்சானும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

லீவு என்றால் ஊர் சுற்றுவது மட்டுமல்ல, தினம் ஒரு பாடமாவது தலையில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் ஞாயிறன்று வந்து கூட்டிப்போய்த் திங்களே லீவு டியூஷன் வகுப்பில் போட்டுவிடுவேன், போனில் சமாளிக்காதே, எழுத்தில் அனுப்பு என்றீர்கள். எழுத்தில் அனுப்புகிறேன். படிப்பு பலமாக நடக்கிறது.

திங்கள், தாவரவியல். இவனுக்கென்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். பதினாறு வருடமாக வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டுபோய்ப் பேராதனைப் பூங்காவைச் சுற்றிக்காட்டுகிறவன் நான். எந்த மரத்தடியில் என்ன சொன்னால் அவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அதே பாடத்தைத் தமிழில் நடத்தினேன். வழக்கமாக நிறுத்தும் மரத்தடியில் நிறுத்தி, "இதுக்கு நானூறு வயசு. ராஜா யானையைக் கட்டின மரம்" என்றேன். தர்ஷிகா நோட்டில் எழுதினாள். சின்னவன் ஜனகன் மரத்தைச் சுற்றிப்போய், புல்லுக்குள் இருந்த பலகையைப் படித்துவிட்டு வந்தான். "மாமா, நட்ட வருஷம் போட்டிருக்கு. நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?" மரம் என்னைவிட மூன்று வயது மூப்பு. உங்களைவிட இளையது, அக்கா. தர்ஷிகா நானூறை வெட்டிவிட்டுப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'மாமா சொன்னது' என்று எழுதினாள்.

செவ்வாய், ஆங்கிலம். ஸ்டேஷனடியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏறினார்கள். ஜனகனும் என் பக்கத்தில் இருந்தான். நான் பழக்கதோஷத்தில் அந்த நானூறை ஆரம்பிக்க, இவன் பின்னால் திரும்பி, "நோ சார், ஒன்லி ஃபோர்ட்டி நைன்" என்றான். என்ன உச்சரிப்பு அக்கா! அவர்கள் சிரித்துவிட்டு அவனுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தரவில்லை.

புதன், கணிதம். அக்குறணையில் புடவைக் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி சாஹுல் ஹமீதிடம் இருவரையும் கூட்டிப்போனேன். ஒரு அம்மா யன்னல் திரைக்கு ஆறு மீட்டர் துணி கேட்டார். பிள்ளையே அளக்கட்டும் என்று சாஹுல் ஹமீது பெருந்தன்மையாக ஜனகனுக்கு விட்டுக்கொடுத்தார். கைக்குக் கிடைத்தது பழைய கெஜக்கோல். "கெஜமும் மீட்டரும் ஒண்ணுதான்டா, அள" என்று சொன்ன புண்ணியவான் நான்தான். அளந்தான், வெட்டியாயிற்று. ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா துணியோடு திரும்பி வந்து நின்றார். "ஒரு கெஜத்துக்கு எட்டரை சென்டிமீட்டர் குறையும் மாமா, ஆறுக்கு ஐம்பத்தொண்ணு" என்று தர்ஷிகா கடை நடுவே கணக்குச் சொன்னாள். "புள்ளைகள்ல பிழையில்ல அழகர், வாத்தியார்லதான் பிழை" என்றார் சாஹுல் ஹமீது. அந்தத் துணி இப்போது எங்கள் வீட்டு யன்னலில் தொங்குகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று சுகாதாரம். கொத்து ரொட்டி வாங்கி வந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரக்கறிக்கும் விற்றமின் சொன்ன பிறகுதான் கை வைக்கலாம் என்றேன். கரட் தாண்டி லீக்ஸில் மாட்டிக்கொண்டோம். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "ஆறிப்போன கொத்துல ஒரு விற்றமினும் இருக்காது, சாப்பிட விடுங்க" என்று புஷ்பராணி தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அக்கா, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாலையில் ஆட்டோவைத் திருப்பும்போது வாசலுக்கு ஓடிவர இந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. இந்தக் கிழமை இரண்டு பேர் ஓடிவருகிறார்கள். புஷ்பராணி காலையில் பாடிக்கொண்டே ரொட்டி சுடுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகாதீர்கள். லீவு முடியும்வரை இருக்கட்டும். நாளை திகனப் பக்கம் அணைக்கட்டைக் காட்டி விஞ்ஞானம், நாளை மறுநாள் புவியியல், அதற்கடுத்த கிழமைக்கும் பாடம் தயார்.

மச்சானுக்கு என் வணக்கம். உங்கள் வாயால் எனக்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும் தம்பி,
அழகர்

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் இரண்டு பேரும் அதைப் படித்துவிட்டு பேக்கில் உடுப்பு அடுக்குகிறார்கள். "எங்கடா?" என்றேன். "ஹட்டனுக்கு. அம்மா சொன்ன வகுப்புக்கே போறோம் மாமா. அங்கயாவது பன்னிரண்டு மணிக்கு விட்டுருவாங்க" என்றான் ஜனகன். புஷ்பராணி கதவை மறித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பாடத்தை நிப்பாட்டிட்டா?" என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அப்படின்னா இருக்கோம்" என்றாள் தர்ஷிகா. ஆகவே அக்கா, மேலே எழுதிய ஒன்றையும் நம்ப வேண்டாம். இங்கே படிப்பு எதுவும் நடக்கவில்லை, இனி நடக்க விடவும் மாட்டேன். உடுப்பையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து வந்துவிடாதீர்கள்.