நாற்பத்திரண்டு பயணிகளும் என் மாமனாரும்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வேலை சொல்லத் தெரியாது. மேசன் வந்து "ஜன்னல் எங்க வைக்கணும்?" என்று கேட்டால், அவருக்கே தொழில் சொல்லிக்கொடுப்பது மரியாதையில்லை என்று "நீங்களே பாத்து செய்யுங்க" என்போம். குண்டசாலையில் எங்கள் குளியலறை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறப்பது அப்படித்தான். (திறப்பது என்பதும் பேச்சுக்குத்தான். அரை அடிக்கு மேல் திறக்காது.) இந்தப் பரம்பரைப் பண்பை நான் ஒரு கம்ப்யூட்டரிடமும் காட்டி, என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

அப்போது நான் ஒரு சின்னக் கம்பனிக்காக, வீட்டிலிருந்தபடியே மலைப்பாதையில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். கேம் செய்யும் மென்பொருளில் செட்டிங்ஸ் என்று ஒரு பெருங்காடு உண்டு. புவியீர்ப்பு எவ்வளவு, எந்தப் பட்டன் பிரேக், எது ஹோர்ன் எல்லாம் அங்கேதான். அதற்குள் நானே நுழைந்து தேடச் சோம்பல்பட்டு, ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைத்துக்கொண்டேன். நாம் தமிழில் எழுதினால் போதும், அதுவே போய் மாற்றிவிட்டு வரும். ஒவ்வொரு முறையும் "மாற்றலாமா?" என்று அனுமதி கேட்கும். இதென்ன தொணதொணப்பு என்று எரிச்சல்பட்டு, 'இனிக் கேட்க வேண்டாம்' என்ற இடத்தில் டிக் போட்டுவிட்டேன். (அவ்வளவு அறிவு.)

தினேஷும் நானும் நான்கு வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். அவனுடைய அப்பா ஹுன்னஸ்கிரிய மலைப்பாதையில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்கு என்னைப் பிடித்திருந்தது, என் வேலையைத்தான் பிடிக்கவில்லை. "வீட்டுல இருந்து விளையாடுறதெல்லாம் ஒரு வேலையா? கல்யாணத்துக்கு முன்னுக்கே அத விட்டுட்டு ஒழுங்கா ஒரு ஒப்பீசுக்குப் போகச் சொல்லு" என்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு அந்த வேலையும் உயிர், தினேஷும் உயிர். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, அவரையே வீட்டுக்கு அழைத்து என் பஸ்ஸை ஓட்டவைப்பது என்று திட்டம் போட்டேன்.

ஞாயிறு காலை. தினேஷும் அப்பாவும் வரும் நேரமாகப் பார்த்து பஸ் மேடு ஏற மறுத்தது. அவசரமாக ஏஜென்ட்டுக்கு எழுதினேன்: "பஸ் மேடு ஏறணும். வயசானவர் ஒருத்தர் ஓட்டப்போறார், பட்டன் குறைவா இருக்கணும்."

அனுமதி கேட்காவிட்டாலும், விவரம் பொறுப்பாகத்தான் கேட்டது: "எந்த செட்டிங்கை எவ்வளவு மாற்றட்டும்? எந்தப் பட்டன்களை எடுக்கட்டும்?"

வாசலில் த்ரீவீலர் வந்து நின்றது. என் விரல்கள் தாமாகவே எழுதின: "நீங்களே பாத்து செய்யுங்க."

செய்தது. செய்ததையெல்லாம் ஒழுங்காகப் பட்டியலும் போட்டது. நான் அதைப் படிக்காமல் ரோல்ஸ் பொரிக்க ஓடினேன்.

தினேஷின் அப்பா (எனக்கு அங்கிள்) லேப்டாப் முன்னால் கதிரையில் உட்கார்ந்து காலரைச் சரிசெய்தார். பிறகு தலைக்கு மேலே இல்லாத கண்ணாடியைக் கையால் திருப்பிவைத்தார். பஸ்ஸை எடுத்தார். மேட்டில் பஸ் வெண்ணெயாக ஏறியது. "பரவாயில்லயே, நல்ல எஞ்சின்" என்றார். என் அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

முதல் வளைவு வந்தது.

"ஹோர்ன் எங்க மகள்?"

காட்டினேன். அழுத்தினார். சத்தமே இல்லை. (பட்டனைக் குறைக்கச் சொன்னேன் அல்லவா? ஹோர்ன் போயிருந்தது. பிரேக்கும்தான்.)

"ஹோர்ன் அடிக்காம இந்த வளைவுல திருப்ப ஏலாது. எதுக்க லொறி வந்தா?"

"லொறி இன்னும் செய்யல அங்கிள்."

"நீங்க செய்யலன்னா லொறி வராதா?"

அதற்குள் பஸ் வளைவைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, தேயிலைக்கு மேலே நிதானமாக எழும்பிவிட்டது. மேடு ஏறவேண்டும் என்பதற்காக ஏஜென்ட் புவியீர்ப்பைப் பத்தில் ஒரு பங்காக்கியிருந்தது. அங்கிளின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மறுபடியும் மிதித்தது. மேசைக்கடியில் அம்மா ஒளித்துவைத்திருந்த பழைய பேப்பர் கட்டு சரிந்தது.

"உள்ள ஆள் இருக்காங்களா?"

"நாப்பத்திரண்டு பேர் அங்கிள்." (ஒருவருமில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு எதற்கு உண்மை?)

அவர் முகம் இறுகியது. "ஒருத்தரும் எந்திரிக்காதீங்க!" என்றார். பயணிகளிடம் சொன்னாரா எங்களிடம் சொன்னாரா தெரியவில்லை, அம்மா பட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

நான் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு தெளிவான கட்டளையை எழுதினேன்: "புவியீர்ப்பைப் பழையபடி 9.8 ஆக்கு. உடனே!" ஏஜென்ட் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. கேட்காதே என்று டிக் போட்டவளே நான்தானே. அந்த நேரம் பஸ் ஒரு பள்ளத்தாக்குக்கு நேர் மேலே இருந்தது.

விழுந்த விதத்தை விவரிக்க எனக்கு மனமில்லை. புவியீர்ப்பு தன் கடமையைச் செய்தது.

தினேஷ் வாயிலிருந்த ரோல்ஸை மெல்லாமல் வைத்திருந்தான். அங்கிள் மெதுவாகக் கையை எடுத்தார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல என் பஸ்ஸுல ஒரு கீறல் விழுந்ததில்ல" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனது, தினேஷும் போனான் என்றே நினைத்தேன்.

"இத சரிபண்றது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் அங்கிள்."

"எத்தன நாள் எடுக்கும்?"

"ஒரு வருஷமாவது எடுக்கும். லொறியும் செய்யணும்."

காலரை மறுபடியும் சரிசெய்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கல்யாணத்த தையிலயே வச்சுக்குவோம். ஆனா புள்ள வேலைய விட ஏலாது. இந்த பஸ்ஸ இப்பிடியே ரோட்டுல விட்டுட்டு வரக் கூடாது, பாவம்."

தையில் கல்யாணம் நடந்தது, அங்கிள் மாமாவானார். கேமும் முடிந்து, பஸ்ஸில் இப்போது மூன்று விதமான ஹோர்ன் இருக்கிறது, மூன்றும் மாமா தேர்ந்தெடுத்தவை. ஆனால் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், சாப்பாட்டுக்குப் பிறகு மாமா ஆரம்பித்துவிடுவார்: "எங்க மருமக ஒருநாள் பஸ்ஸ ஆகாயத்துல விட்டுருச்சு..." அவர் சொல்லும் கதையில் பள்ளத்தாக்கே கிடையாது. பிரேக் இல்லாத பஸ்ஸை அவர் பதறாமல் திருப்பி, ஒரு மைதானத்தில் பூப்போல இறக்குகிறார். பயணிகளில் ஒரு அம்மா மட்டும், தன் இறங்குமிடம் தாண்டிவிட்டதென்று அவரைத் திட்டிவிட்டுப் போகிறாராம். எல்லோரும் சிரித்து முடித்ததும், அவர் கொஞ்சம் பயத்தோடு என் பக்கம் பார்ப்பார்.

"ஆமா மாமா" என்பேன் நான். "நாப்பத்திரண்டு பேரும் பத்திரமா இறங்கிட்டாங்க."