ஒன்பதாயிரம் வரியும் கத்தரி மேடமும்

‘அப்புறம்’ என்ற சொல்லைக் கத்தரி மேடம் அளவுக்கு வெறுத்த மனித உயிர் தூத்துக்குடியில் இதுவரை பிறந்ததில்லை. எதைப் பார்த்தாலும் ‘இது என்ன வேலை செய்யுது?’ என்று கேட்பார். பதிலில் ‘அப்புறம்’ வந்தால் அதை இரண்டாக வெட்டவேண்டும் என்பது அவருடைய சட்டம். நான் ஆசையாக வைத்திருந்த நாலு கலர் பேனா, அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே பிரிக்கப்பட்டு, நாலு தனிப் பேனாக்களாக என் மேஜைக்குத் திரும்பியது.

முதலாளி அண்ணாச்சி, தான் புராஜெக்ட் பார்ப்பதாகவும், அப்புறம் ஆள் எடுப்பதாகவும், அப்புறம் லீவு கொடுப்பதாகவும் அவரிடம் சொல்லியிருக்கிறார். இது மூன்று பேர் வேலை என்று சிரிக்காமல் பதில் வந்திருக்கிறது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் கத்தரி.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கன்டெய்னர் அனுப்புகிறவர்களுக்கான வெப்சைட் ஒன்றை நடத்தினோம். புரோகிராமைக் ‘கிளாஸ்’ என்று பகுதி பகுதியாக எழுதுவார்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு வேலை என்பது மரியாதை. எங்களிடம் இருந்ததோ ஒரே கிளாஸ். கன்டெய்னர் பதிவு, லாரி நம்பர், கேட் பாஸ், எஸ்.எம்.எஸ். எல்லாம் அதற்குள்ளேயே. ஒன்பதாயிரம் வரி. முக்கால்வாசி என் கைவண்ணம்.

ஒருமுறை அதில் தேதி எழுதும் முறையை மட்டும் மாற்றினேன். மறுநாள் ஒரு கப்பல் கேப்டனுக்கு, வண்டியோடு உடனே இரண்டாம் கேட்டுக்கு வரச்சொல்லி எஸ்.எம்.எஸ். போய்விட்டது. எந்த வண்டி என்று அவர் பணிவாக விசாரித்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கிளாஸைத் தொடவில்லை.

கத்தரி தொட்டார். முதல் மூன்று வாரம் ஒரு வரியைக்கூட வெட்டாமல், ஏதாவது உடைந்தால் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட்டுகளை மட்டும் எழுதினார். இத்தனை நாளில் என்னதான் மாறியிருக்கிறது என்று அண்ணாச்சி கேட்டார்.

“ஒண்ணும் மாறல அண்ணாச்சி. மாறாமப் பாத்துக்கிடுததுதான் இப்ப வேலை.”

அண்ணாச்சி தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பிறகு வெட்டு ஆரம்பமானது. எஸ்.எம்.எஸ். தனிக்குடித்தனம் போனது. கேட் பாஸும் போனது. என் ஐந்து வருட உழைப்பு துண்டு துண்டாவதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பன்னிரண்டு வரியைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டார். எழுதியவன் நான்தான், எதற்கென்று மறந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, “சும்மா கெடக்கு, தூக்கிரலாம்” என்றேன். தூக்கினார்.

மறுநாள் காலை கேட் பாஸ் வரவில்லை. இடைவெளி விட்டு அடிக்கும் லாரி நம்பரைச் சேர்த்து எழுதுவதுதான் அந்தப் பன்னிரண்டு வரியின் வேலையாம். வெயிலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. எங்கள் பெரிய வாடிக்கையாளர் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வதாகப் போனில் சொல்லிவிட்டார். கத்தரி பத்து நிமிடத்தில் பழையதைத் திரும்பப் போட்டார், லாரிகள் நகர்ந்தன. அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, யார் தூக்கியது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“நாந்தான் அண்ணாச்சி. டெஸ்ட் எழுதாமத் தூக்கிட்டேன். தப்பு எம்மேலதான்.”

என் பக்கம் கத்தரி திரும்பக்கூட இல்லை. இனி வெட்டு வேண்டாம், எல்லாவற்றையும் பழையபடி ஒட்டவையுங்கள் என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

“சும்மா கெடக்குன்னு சொன்னது நான் அண்ணாச்சி. அதை எழுதுனவனும் நாந்தான்.”

அண்ணாச்சி எங்களை மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், இரண்டு பேருமாகச் சேர்ந்து முடித்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தக் கிளம்பினார்.

வெளியே வந்ததும் கத்தரி சொன்னார்: “எழுதுனது நீங்கன்னு தெரியும்ணே. ஒவ்வொரு வரிக்கும் எழுதுன ஆள் பேரு கூடவே கெடக்கும்லா.”

அடுத்த இரண்டு மாதத்தில் ஒன்பதாயிரம் வரி நாற்பது சின்ன கிளாஸ்களாகிவிட்டது. வாடிக்கையாளரும் எங்களோடுதான் இருந்தார். முடிந்த அன்று சாயங்காலம் கத்தரியோடு பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். வழக்கமாகப் போகும் வேம்பார் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையசைத்தார். பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். எனக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வேலையும் இல்லை.