டி டிரைவைத் தேடிய நானூற்றுப் பன்னிரண்டு ஜாதகங்கள்

டாலிகஞ்ச், கல்கத்தா
(கொல்கத்தா என்று பெயரை மாற்றியபோது என்னை யாரும் கேட்கவில்லை.)
விஜயதசமிக்கு மறுநாள், 2001

சிரஞ்சீவி ஹரிஷங்கருக்கு ஜகதாம்பாள் பெரியம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர இவ்விடத்தில் எல்லாம் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும், நீ எழுதுவதில்லை. டெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ரயில் வரும் நேரத்தையும் துக்கச் செய்தியையும் டெலிபோனில் சொல்லலாம். இது வெற்றிச் செய்தி. காகிதத்தில் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்று. லீவு போட்டுக்கொண்டு நீ இங்கே வர வேண்டாம். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. போன கோடையில் என் ஜாதகப் பதிவை டேட்டாபேஸாக்கிக் கொடுத்துவிட்டு, "பெரியம்மா, வாராவாரம் பேக்கப் எடுங்கோ, போதும். அதை வேற மெஷின்ல திருப்பிப் போடற வேலையை மட்டும் தொடாதீங்கோ. சொல்லியனுப்புங்கோ, நானே வரேன்" என்றாய். நான் தொட்டேன். விவரம் கீழே.

ஆயுத பூஜையன்று பவானிபூரில் நம் தமிழ் மன்றத்து அறையில் கம்ப்யூட்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டோம். அதுவரை சரி. திரையில் சரஸ்வதி படம் தெரிய வேண்டும் என்று, மன்றத்தில் எனக்கு ஒத்தாசையாக இருக்கும் காமு அதை ஓடவிட்டிருந்தாள். நைவேத்தியம் ஆனதும் மாவிலையால் மஞ்சள் தீர்த்தத்தை எடுத்துத் தையல் மிஷினுக்கு ஒரு முறை, ஆர்மோனியத்துக்கு ஒரு முறை தெளித்தவள், கம்ப்யூட்டர் விலை உயர்ந்தது என்பதால் அதற்கு மட்டும் மூன்று முறை தெளித்தாள். பின்பக்கத்து விசிறி தீர்த்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. பட்டென்று ஒரு சத்தம், பிறகு சாம்பிராணி அல்லாத ஒரு புகை. "சரஸ்வதி ஏத்துண்டுட்டா மாமி!" என்று காமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டது உண்மைதான். திருப்பித் தரவில்லை.

துணைத் தலைவர் ராகவேந்திரனுக்கு அன்றுதான் தீபாவளி. "மாமி, நான் அன்னிக்கே சொன்னேனே, நோட்டுப் புஸ்தகம் நனைஞ்சா வெயில்ல காய வெச்சுக்கலாம். நாளைக்கு நாலு மணிக் கூட்டத்துல பதிவைக் காட்டுங்கோ. முடியலேன்னா வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குச் சிரமம், இனிமே நானே பாத்துக்கறேன்" என்றார், எல்லோர் முன்னாலும், வாயில் சுண்டலோடு.

உன் பெரியப்பா காலமான வருஷம் தொடங்கிப் பதினோரு வருஷம், பெஹாலாவிலிருந்து டம்டம் வரைக்கும் பஸ்ஸில் போய், வீடு வீடாக உட்கார்ந்து, நட்சத்திரமும் பாதமும் சரிபார்த்து நான் சேர்த்த நானூற்றுப் பன்னிரண்டு ஜாதகங்கள் அவை. முப்பத்தெட்டுக் கல்யாணம் ஆகியிருக்கிறது, ஒரு பெண்கூட அழுதுகொண்டு திரும்பி வரவில்லை. பழைய நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது, அதனால்தானே உன்னைக் கேட்டேன். ராகவேந்திரனோ ஒன்றையும் ஏழையும் ஒரே மாதிரி எழுதுகிறவர். அவர் கையில் பதிவு போனால் யார் வீட்டுச் செவ்வாய் யார் வீட்டில் போய் உட்காருமோ!

பேக்கப் சி.டி. எங்கே என்று கேட்பாய். அதுவும் வித்தைதான் என்று என் வீட்டில் புத்தகங்களோடு பூஜையில் வைத்திருந்தேன். மறுநாள் காலை புனர்பூஜை ஆகும்வரை தொடக்கூடாது. காமு, "ஆபத்துக்குப் பாவமில்லை, எடுத்துடுங்கோ மாமி" என்று கெஞ்சினாள். ஆபத்தில் மீறலாம் என்றால் அது விதி இல்லை, வெறும் அபிப்பிராயம். கான்வென்ட்டில் எட்டு வருஷம் மதர் சுப்பீரியரிடம் கற்றதைச் சரஸ்வதியிடம் மட்டும் மறந்துவிடுவதா? தொடவில்லை.

விஜயதசமியன்று காலை ஏழரைக்குப் புனர்பூஜை முடிந்தது. அன்று புதுப் பாடம் ஒன்று படிக்க வேண்டும் அல்லவா? நீ எழுதி வைத்துப் போன இரண்டு பக்கத்தை மணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். (மூன்று எழுத்துப் பிழைகள். திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.)

துர்கா பூஜைக்கு ஊரே கடையைச் சாத்தியிருக்கிறது, கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? என் தெருப் பூஜைப் பந்தலை ஒட்டிய கிளப் அறையில் ஒன்று இருந்தது. கிளப் செக்ரட்டரியை எல்லோரும் கோகன் என்பார்கள். வங்காளியில் குழந்தை என்று அர்த்தம். குழந்தைக்கு ஐம்பத்து நான்கு வயது, நரைத்த மீசை. அவன் வங்காளியில் சொன்னதை நம் பாஷையில் தருகிறேன் (நம் 'மாமி' மாதிரி அவர்களுக்கு 'மாஷிமா'): "மெஷின் உங்களுதுதான் மாஷிமா. ஆனா மூணு மணிக்கு அம்மனைக் கங்கைக்குத் தூக்கணும், அதுக்குள்ள முடிச்சுடுங்க."

வெளியே பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சிந்தூரம் பூசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு துளி குங்குமமோ தீர்த்தமோ உள்ளே வரக்கூடாது என்று கதவைத் தாழிட்டுவிட்டு சி.டி.யைப் போட்டேன். மறுத்தது. நம் பதிவு, தான் முன்பு குடியிருந்த டி டிரைவுக்குத்தான் போவேன் என்றது. கோகனின் கம்ப்யூட்டரில் டி டிரைவே கிடையாது, சி மட்டும்தான். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த முதல் மாதம் உன் பெரியப்பா, இந்த வீட்டில் இல்லாத மாடத்தில் மூக்குக் கண்ணாடியை வைத்து இரண்டு தடவை உடைத்தார். அதே பிடிவாதம். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் மறுத்தது, ஒரு முறைகூட 'ப்ளீஸ்' சொல்லவில்லை.

"மாஷிமா, பின்னால ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டுமா?"

"தட்டினால் கையை முறிப்பேன், கோகன்."

பிறகு உன் இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தேன். பழைய இருப்பிடம் இன்னது, இனிமேல் இருப்பிடம் இன்னது என்று இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அட, ரேஷன் கார்டு மாற்றுகிற மாதிரி! ரேஷன் ஆபீசுக்குப் பதினான்கு மாதம் நடந்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? எழுதினேன். பதிவு கிளம்பிற்று, அதோடு போகும் இன்னொரு கோப்பு நின்றுகொண்டு டி டிரைவ் எங்கே என்றது. மாமியாரை மட்டும் கூப்பிட்டு மாமனாரை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்கும் தனியாக விலாசம் எழுதினேன். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்து நகர்ந்து, இரண்டே முக்காலுக்கு முழுதாக நிரம்பியது. எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு! அதே நேரம் வெளியே அம்மனைத் தூக்கி மேளத்தை முழங்கினார்கள். எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பவானிபூருக்கு எப்படிப் போனேன் தெரியுமா? கங்கைக்குப் போகிற வழிதானே என்று கோகன் அம்மன் லாரியிலேயே ஏற்றிவிட்டான். பின்னால் துர்க்கை குடும்ப சகிதம். முன் ஸீட்டில் நான், என் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி, கோகன் மடியில் மானிட்டர். வழியெல்லாம் ஜனங்கள் கும்பிட்டார்கள். நானும் தலையசைத்தேன்.

நாலு மணிக்கு மன்றத்தில் ராகவேந்திரன் வெற்று நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். "பெஹாலா நாகம்மா பொண்ணு?" என்றார். "கல்பனா, அஸ்தம், இரண்டாம் பாதம், வீணை." "ஹௌராவில அந்த ரயில்வே பையன்?" "முத்துகிருஷ்ணன், அனுஷம், வயது இருபத்தொன்பது. முப்பத்திரண்டு என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னதால்தான் இன்னும் ஆகவில்லை." கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதிவு என்னிடமே இருக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானம். காமு அழுதேவிட்டாள்.

ஆகையால் குழந்தாய், யாருடைய உதவியும் எனக்குத் தேவைப்படவில்லை. நீ நிம்மதியாக உன் ஆபீஸைக் கவனி. வேளைக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளாதே, எழுதியதை ஒரு முறை படித்துவிட்டு அனுப்பு. காளி கட்டத்து அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு, பூரண திருப்தியுடன்,
ஜகதாம்பாள் மஹாதேவன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. முக்கியமில்லை என்று மேலே எழுதவில்லை. இதே பெயரில் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது, அதன் மேலேயே எழுதிவிடவா என்றது. சீக்கிரம் ஆகட்டும் என்று சம்மதித்தேன். நம்முடையதற்கு 'மெம்பர்ஸ்' என்று பெயர் வைத்தவன் நீ. கோகனின் கிளப் உறுப்பினர் பட்டியலுக்கும் அதே பெயராம். அது அழிந்து, அதன் இடத்தில் நம் நானூற்றுப் பன்னிரண்டும் உட்கார்ந்துவிட்டன. கம்ப்யூட்டர் நேற்றிரவே கிளப்புக்குத் திரும்பிவிட்டதால், இன்று காலை கிளப்காரர்கள் அதைப் பார்த்து லட்சுமி பூஜைச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருவராக டெலிபோனில் அழைத்திருக்கிறார்கள். நம் தெருவில் இத்தனை சுப்பிரமணியன்களா என்று எண்பதாவது வீட்டில்தான் சந்தேகம் வந்ததாம். எண்பது குடும்பமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டது. எனக்கு நன்றி சொல்லக் கூப்பிடுகிறவர்களால் என் டெலிபோன் காலையிலிருந்து ஓயவில்லை. "உங்க லிஸ்டுக்குப் பேக்கப் எங்கே?" என்று கோகனைக் கண்டித்துக் கேட்டேன். விஜயதசமிக்குப் பெரியவர்களைக் கும்பிடும் இந்த ஊர் வழக்கப்படி என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, சந்தேஷ் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "பேக்கப்னா என்ன மாஷிமா?" என்றான். எண்பது குடும்பம் வந்தால் பூஜைக்குப் பெருமை என்று அவன் அண்டா தேடப் போயிருக்கிறான். ராகவேந்திரன், இதெல்லாம் என் ஏற்பாடு என்று நினைத்து, பாராட்டிப் பேச வேஷ்டி தேய்க்கக் கொடுத்திருக்கிறாராம். கோரமண்டலை ரத்து செய்யாதே. செய்திருந்தால் விமானத்தில் வா. அவர் கோகன் பக்கத்து இலையில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்பதற்குள் வந்து சேர்.