மின்சார பஸ்ஸுக்கு ஒரு சைலன்சர்

“ஏங்க, கரண்ட்ல ஓடுற பஸ்ஸுக்கு எதுக்குச் சைலன்சர்?”

மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள். மேசையிலிருந்த மாதிரி பஸ்ஸைத் தலைகீழாகத் திருப்பித் தூசி ஊதிக்கொண்டிருந்தவள், ஊதலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். டீசல்காரர் அப்போது ஒரு காலில் காலுறையை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்.

“எந்தச் சைலன்சர்?”

“பின்னாடி, அடியில நீட்டிக்கிட்டு நிக்குதே, இதுதான்.”

ஒற்றைக் காலுறையோடு வந்து பார்த்தார். நீட்டிக்கொண்டுதான் நின்றது. தீக்குச்சி மருந்தளவு தடிமனில் ஒரு குழாய். நுனியில் கரி படிந்த மாதிரி கறுப்புக்கூட அடித்திருந்தது. அடித்தவர் அவரேதான். அடித்துவிட்டு விலகி நின்று, தலையைச் சாய்த்து ரசித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. இது மின்சார பஸ் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் ஞாபகம் இல்லாமல் போயிருந்தது.

“ஐயோ, வேலை போச்சு,” என்று கட்டிலில் உட்கார்ந்தார்.

பஸ் பணிமனையில் அவருக்கு டீசல்காரர் என்றுதான் பெயர். இருபத்தெட்டு வருஷமாக எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்தவர். தரை எவ்வளவு சில்லிட்டிருக்கிறது என்று முதுகைக் கேட்டால் போதும், சொல்லிவிடும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசிந்ததில்லை. அந்த விரல்களை வைத்துக்கொண்டு வீட்டில் பிளாஸ்டிக் கார் கிட் கட்டுவார். இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. துண்டு துண்டாக நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாமணத்தால் பிடித்து ஒட்டி, அலமாரியில் நாற்பத்தொரு கார் நிற்கிறது. பானெட்டை மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் படாத ஃபேன் பெல்ட்டைக்கூட விடமாட்டார். “வண்டிக்குத் தெரியுமில்ல,” என்பார்.

மின்சார வண்டியைப் பற்றி அவர் அபிப்பிராயம் கேன்டீனில் எல்லாருக்கும் மனப்பாடம். “அது வண்டியா? சக்கரம் வச்ச டார்ச் லைட்டு. டீசல் வாசம் இல்லாம ஒரு பஸ் ஓடாது, எழுதி வச்சுக்கோ.”

ஓடாது என்று சொன்ன பஸ்தான் இன்றைக்குப் பணிமனைக்கு வருகிறது. பதினொரு மெக்கானிக்கில் நாலு பேருக்குத்தான் அதற்கான புது ஷெட்டில் இடம். மிச்சப் பேர் வண்டி கழுவப் போகவேண்டும். இந்தக் குளிரில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதென்றால் ஐம்பத்து நாலு வயசு முதுகு ஒரு வாரம் தாங்காது. மேலாளர் ஒரு மாசத்துக்கு முன்னால் கூப்பிட்டு, பஸ் கம்பெனி அனுப்பிய கிட் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

“உன் கையும் எனக்குத் தெரியும், வாயும் தெரியும். இதைக் கட்டிக் கொண்டு வா. திறப்பு விழாவுல மேசையில வைக்கணும். அதைப் பார்த்துட்டுத்தான் உனக்கு எந்தப் பக்கம்னு முடிவு. ஏதாவது நக்கல் பண்ணின, நேரா தண்ணிக் குழாய்தான்.”

மின்சார பஸ்ஸுக்குப் புகைக்குழாய் வைப்பதைவிடப் பெரிய நக்கல் உலகத்தில் உண்டா?

“கிட்லயே இருந்திருக்குமோ என்னமோ,” என்றாள் மனைவி. “படத்தாளைப் பாருங்களேன்.”

“எங்க அது?”

“அதுலதானே பெயிண்ட் கலந்தீங்க.”

எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன் படம் பார்த்து பஸ் கட்டுவது அவமானம் என்பது அவர் கொள்கை. படத்தாளின் பின்பாதி கறுப்பு பெயிண்ட் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. பக்கத்திலேயே பழைய கிட்களில் மிஞ்சிய துண்டுகள் போட்டுவைக்கும் தகர டப்பா, மூடி திறந்தபடி.

“இதுலேர்ந்துதான் எடுத்திருக்கேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கம், கை தானாப் போயிருக்கு. வழக்கத்தைவிடச் சின்னதாத்தான் இருந்துச்சு. இப்ப எல்லாத்தையும் சின்னதாத்தானே பண்றானுங்கன்னு ஒட்டிட்டேன்.”

மணி எட்டு. விழா பத்து மணிக்கு. பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று குறடு ஒன்றை எடுத்தார்.

அவர் ஒட்டியது பிரியாது என்பது அவருடைய இன்னொரு பெருமை. அந்தப் பெருமை இப்போது எதிரணியில் நின்றது. திருகினார், அசையவில்லை. பல்லைக் கடித்து ஓர் இழுப்பு இழுத்தார். சைலன்சர் வந்தது. கூடவே பின் பம்பரில் பாதியும் வந்தது.

“உள்ளதும் போச்சு,” என்றாள் மனைவி.

“சும்மா இரு. பட்டி வச்சா ஓட்டை தெரியாது.”

பட்டி வைத்தார். அது காய நாலு மணி நேரம் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. மனைவியின் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து, உச்ச சூட்டில் வைத்துப் பின்பக்கம் காட்டினார். பட்டி காய்ந்ததா என்று குனிந்து பார்ப்பதற்குள் பஸ்ஸின் பின்பாகம் மெல்லக் கீழே இறங்கியது. வயதான மாடு படுப்பதுபோல முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம்.

“உட்கார்ந்துடுச்சுங்க.”

“நானும்தான் பார்க்கிறேன்.”

இந்த நேரம் பார்த்து வாசலில் சத்தமே இல்லாமல் ஒரு கார் வந்து நின்றது. மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். மின்சாரக் கார் வாங்கி ஆறு மாசம் ஆகிறது. வாங்கிய நாளிலிருந்து அத்தானை அதில் ஏற்றிவிடக் காத்திருந்தவன், இன்றைக்குத்தான் வாய்ப்புக் கிடைத்தது என்று அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டான்.

பஸ்ஸைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான்.

“என்ன அத்தான், ஓவர்லோடா?”

“வாயை மூடிக்கிட்டு ஏதாவது வழி சொல்லு, மாப்ளே.”

“உள்ளேர்ந்து தள்ளி நிமிர்த்திடலாமே. சூடா இருக்கும்போதே பண்ணணும்.”

ஒரு கரண்டிக் காம்பை முன் கதவு வழியாக உள்ளே விட்டு, பின்பாகத்தைத் தூக்கினார்கள். பின்பாகம் தூக்கிக்கொண்டது. வழியில் இருந்த சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய முப்பத்தாறு சீட்டு. பஸ்ஸைத் தூக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது.

“மின்சார வண்டியில சத்தமே வராதும்பியே,” என்றார் டீசல்காரர்.

“இது உங்க வேலை அத்தான், கரண்ட்டு மேல பழி போடாதீங்க.”

வெள்ளை பெயிண்ட் தீர்ந்திருந்தது. பம்பர் இருந்த இடத்தில் பட்டியும் பழுப்பும் தழும்புமாக ஒரே கோரம். மனைவி உள்ளே போய் நகப்பூச்சு எடுத்து வந்தாள். வீட்டில் இருந்தது ஒரே நிறம்தான், பச்சை. தங்கை கல்யாணத்துக்கு வாங்கி, அக்காவும் தங்கையும் அதைப் பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்று வைத்த பச்சை.

“அடிங்க. காயம் மறைஞ்சா போதும்.”

அடித்தார். அவசரத்தில் ஓரம் வழிந்தது. வழிந்ததை விரலால் துடைத்ததில் இன்னும் அகன்றது. மறு காலுறை கடைசிவரை கிடைக்கவேயில்லை. மனைவியினுடையதை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

காரில் பஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் சிக்னலில் காத்திருந்து, பச்சை விழுந்ததும் கிளப்பிய கிளப்பில் டீசல்காரர் சீட்டோடு ஒட்டிக்கொண்டார். பஸ் அவர் கம்பளிச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது.

“எப்படி இழுக்குது பார்த்தீங்களா?”

இழுவை பிரமாதம்தான். ஏற்றத்தில் கியர் மாற்றும் திணறல் இல்லை, தடதடப்பு இல்லை. நல்ல எஞ்சினைத் தெரிந்த மனுஷன், நல்ல இழுவையையும் தெரிந்துகொள்ளத்தான் செய்வான். ஆனால் அதைச் சொன்னால் மச்சான் வீடு திரும்பும்வரை வாயை மூடமாட்டான்.

“பரவால்ல. தையல் மெஷின் மாதிரி போகுது,” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைச் சட்டையிலிருந்து பிரித்தார். வந்தது. பின்பக்கம் பச்சைப் பூச்சின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் முளைத்திருந்தது.

மச்சான் ஓரக்கண்ணால் பார்த்தான். “குளிருக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கு, அத்தான்.”

பணிமனையில் பேச்சு மேடை, ஒலிபெருக்கி, வாய்விட்டால் புகையாக வரும் குளிர். புது பஸ் ஷெட்டுக்குள்ளேயிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி, ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. வேறு எந்த நாளாக இருந்தாலும் டீசல்காரர் முதல் வேலையாக அதற்கடியில் புகுந்திருப்பார். இன்றைக்குச் சலவைச் சட்டை; தவிர, கையில் ரோமம் முளைத்த பஸ்.

மேசையில் முன்பக்கம் தெரிகிற மாதிரி வைத்து, பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார். மேலாளர் வந்தார். முன்னால் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம், வைத்திருக்கவே கூடாத ஆர்வத்தோடு, பஸ்ஸைத் திருப்பினார். உள்ளே சீட்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்து உருண்டன.

“பின்னாடி என்னப்பா இது, பச்சையா, புசுபுசுன்னு?”

பதினொரு மெக்கானிக்கின் மூச்சும் நின்றது. பத்துப் பேருடையது சிரிப்பை அடக்குவதற்காக.

டீசல்காரர் கண்ணுக்குள் தண்ணீர்க் குழாய் வந்து போனது. வாய் தானாகத் திறந்தது.

“புல்லு, சார்.”

“புல்லா?”

“ஆமா சார். பழைய பஸ்ல புகை வர்ற இடம் அது. இந்த வண்டிக்குத்தான் புகையே கிடையாதே. அதான் அங்க புல்லு முளைச்ச மாதிரி பண்ணினேன்.”

மேலாளர் ரோமத்தை விரலால் தடவினார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சான் வானத்தைப் பார்த்தான். மேலாளரின் கண் கலங்கியது குளிரினாலா வேறெதனாலா என்று சொல்ல முடியாது. டீசல்காரரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார்.

“சொல்லு. எங்கிட்ட சொன்னதை எல்லாருக்கும் சொல்லு.”

டீசல்காரர் இருமினார். இருபத்தெட்டு வருஷமாக அவர் முழக்கத்தைக் கேட்ட பத்து முகங்கள் எதிரே. வெட்கம் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். முதுகு ஜெயித்தது.

“நான் இந்த பஸ்ஸைப் பத்தி என்னென்ன பேசினேன்னு உங்களுக்குத் தெரியும். டீசல் இல்லாம ஓடாதுன்னேன். அது தப்பு. இதுக்குப் புகைக்குழாயும் வேணாம், ஒரு சொட்டு டீசலும் வேணாம். தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க.”

கைதட்டல் எழுந்தது. கேன்டீன்காரர் விசில் அடித்தார். மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, புது ஷெட்டுக்கு முதல் ஆள் இவர்தான் என்று அறிவித்தார். ரிப்பன் வெட்டினார்கள். டீசல்காரர் மேடையை விட்டு இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. வாழ்நாள் கொள்கை போனால் போகிறது, முதுகு பிழைத்தது. மச்சான்கூட வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே, அத்தான்.”

“ஒத்துக்கிட்டேன்டா. வண்டின்னா இதுதான் வண்டி. சுத்தம்.”

கம்பெனியிலிருந்து ராத்திரி முழுக்க அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர், சாவியை ஒப்படைப்பதற்காக இரண்டு பேரையும் தாண்டி வந்தார். தூக்கக் கண்ணோடு மேசையிலிருந்த மாதிரி பஸ்ஸைக் குனிந்து பார்த்தார், பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், டீசல்காரர் பக்கம் திரும்பினார்.

“நல்லாப் பண்ணியிருக்கீங்கண்ணே, ஆனா பின்னாடி இருக்கிற சைலன்சரை விட்டுட்டீங்களே, குளிருக்கு உள்ள ஹீட்டர் டீசல்லதானே ஓடுது, வர்ற வழியில அது தீர்ந்துபோச்சு, இங்க டீசல் எங்க ஊத்துறது?”