பாவசங்கீர்த்தனப் பெட்டியும் என் காப்புரிமையும்

ஒரு நான்கு மாத காலம் நான் கண்டுபிடிப்பாளனாக இருந்திருக்கிறேன். அது ஒரு தனி சுகம். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட, 'இது எப்பேர்ப்பட்ட கை என்று இந்தக் காய்காரருக்குத் தெரியவில்லையே' என்று அவர் மேல் இரக்கம் வரும்.

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலியில் ஜூனியர் இன்ஜினீயராக இருந்தேன். சுரங்கத்து மோட்டார்களை இயக்கும் சுவிட்சுகளெல்லாம் ஆளுயர இரும்புப் பெட்டிகளுக்குள் இருக்கும். பேனல் என்போம். வெட்ட வெட்டச் சுரங்கம் நகரும், கூடவே பேனலும் நகர வேண்டும். ஒரே துண்டாகப் பற்றவைத்த பெட்டி. ஒவ்வொரு தடவையும் கிரேன், எட்டு ஆள், அந்த எட்டு ஆளின் வசவு. ஒரு மூலை நசுங்கினாலும் மொத்தப் பெட்டியும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்.

என் மூளையில் உதித்தது இதுதான். மூலைக்கு ஒன்றாக நான்கு தூண், நடுவே ஒரே அளவில் தகடுகள். எந்தத் தகடும் எந்தப் பக்கத்திலும் பொருந்தும். கழற்றலாம், தூக்கிப் போகலாம், மறுபடி பூட்டலாம். பெட்டி பெரிதாக வேண்டுமானால் இன்னும் இரண்டு தகடு சேர்க்கலாம். மொத்தம் தொண்ணூற்றாறு போல்ட். (சிரிக்காதீர்கள். அந்த எண்ணிக்கையும் அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.)

எங்கள் பிரிவின் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேப்பா, பேட்டன்ட்டுக்குப் போடு" என்றார். அன்று மாலையே மாமனாருக்குக் கடிதம் போட்டேன். கல்யாணமாகி ஆறே மாதம். 'தங்கள் மருமகனின் பெயர் சர்க்கார் கெஜட்டில் வரவிருக்கிறது' என்று எழுதியிருந்தேன். அவர் சங்கரன்கோவில் பக்கம் போஸ்ட் மாஸ்டர். தபால்தலை வாங்க வந்த அத்தனை பேருக்கும் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியதாகத் தகவல் வந்தது.

விண்ணப்பம் தயாரிக்க மதராஸில் ஒரு ஏஜென்ட் கிடைத்தார். அவர் முதலில் கேட்டது 'பிரையர் ஆர்ட்'. அதாவது, இதே சாமான் இதற்கு முன்னால் எங்காவது இருந்ததா என்று தேடிப் பார்த்து எழுத வேண்டும். நம் நாட்டில் ஏதோ ஒரு மூலையில் நாலு பேர் பார்க்கப் புழங்கியிருந்தாலும் காப்புரிமை கிடையாது. நான் லைப்ரரியில் இருந்த வெளிநாட்டுக் கேட்டலாக்குகளையெல்லாம் புரட்டினேன். இல்லை. வெளிநாட்டிலேயே இல்லாதது உள்நாட்டில் எப்படி இருக்கும் என்று, எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பிலோமினாவிடம் "பிரையர் ஆர்ட் எங்கும் இல்லை" என்று ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொல்லி முடித்தேன்.

அவர் அடித்துத் தந்த தாளில் 'பிரேயர் ஆர்ட்' என்று இருந்தது. ஜெபக் கலை!

"என்னம்மா இது? நாம என்ன ஜெபம் பண்றதுக்கா பெட்டி செய்யறோம்?"

"இல்லீங்களா சார்? நான் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்" என்றார் பிலோமினா. "நீங்க சொன்ன மாதிரியே எங்க ஊரு கோயில்ல ஒரு பெட்டி இருக்குதுங்க. பாவசங்கீர்த்தனம் பண்ற பெட்டி. உள்ள சாமியாரு உக்காந்திருப்பாரு, நாங்க மறைவா பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேப்போம். எங்க அண்ணன் சூசைதான் செஞ்சாரு. இதே மாதிரிதான் கயட்டிக் கயட்டி மாட்டுவாரு."

ஆபீஸே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். பிலோமினா எழுத்தைத் திருத்தி, தாளை மறுபடி அடித்துக் கொடுத்தார்.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, 'எனக்குத் தெரிந்தவரை இதற்கு முன் எவரும் இதைச் செய்ததில்லை' என்று ஒரு வரி. 'எனக்குத் தெரிந்தவரை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தெரியாமல் இருந்தது நேற்றுவரை. இன்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே! சரி, நேரில் போய், அது வேறு மாதிரிப் பெட்டி என்று உறுதி செய்துகொண்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்று கிளம்பினேன்.

"நானும் வாரேன். குவார்ட்டர்ஸ்லயே அடைஞ்சு கெடக்கேன்" என்று என் மனைவி கோமதியும் புறப்பட்டாள்.

ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலத்துச் சனிக்கிழமை. பண்ருட்டியில் பஸ் மாறி, மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கினோம். காத்திருந்த பிலோமினா, உள்ளே தள்ளியிருந்த தன் ஊருக்கு எங்களை நடத்தியே கூட்டிப் போனார். சின்னக் கோயில். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாமியாரை அழைத்துவர சூசை சைக்கிளில் போயிருந்தார்.

"சாமி வர்றதுக்குள்ள பாத்துக்குங்க சார்" என்று ஓரமாகக் காட்டினார் பிலோமினா.

பார்த்தேன். மஞ்சளேறிய பலா மரத்தில் நான்கு மூலைக்கு நான்கு தூண். நடுவே ஒரே அளவில் பலகைகள். இரும்பு மரமாகியிருந்தது, அவ்வளவுதான். மற்றபடி அது என் வரைபடம். ஒரு வித்தியாசம், ஒரு ஆணிகூட இல்லை, ஒரு போல்ட்கூட இல்லை. பிறகு எப்படித்தான் நிற்கிறது?

அதைத் தெரிந்துகொள்ள, திரையை விலக்கி, சாமியார் உட்காரும் பகுதிக்குள் நுழைந்தேன். தூணின் உள்பக்கம் விரலளவில் மர ஆப்பு ஒன்று தெரிந்தது. இழுத்தேன், வெண்ணெயாக வந்தது. அட! அடுத்த மூலையிலும் ஒன்று. அதையும் எடுத்தேன். மூன்றாவதையும் எடுத்தேன். (நாலாவதையாவது விட்டிருக்கலாம் என்கிறீர்கள். ஆராய்ச்சி மனம் விடுமா?)

அப்போது, சாமியாருக்கும் பாவம் சொல்பவருக்கும் நடுவே இருக்கும் வலைப்பலகைக்கு அந்தப் பக்கம் புடவை சரசரத்தது. திரைக்கு அடியில் என் கால்களைப் பார்த்து, சாமியார் வந்துவிட்டார் என்று நினைத்த ஒரு அம்மாள் முழந்தாளிட்டுவிட்டார்.

"சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க. நான் பாவிங்க..."

நடுவில் புக எனக்கு இடமே கிடைக்கவில்லை. அவரோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். என்ன பாவம் என்று சொல்ல மாட்டேன். அதில் ஒரு பலாப்பழமும் ஒரு நாத்தனாரும் வருகிறார்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசியில் அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"அம்மா! நான் சாமியார் இல்ல! ஜூனியர் இன்ஜினீயர்!"

கத்தியபடி வெளியே பாய்ந்தேன். தோள் தூணில் இடித்தது. அவ்வளவுதான். பூ விரிகிற மாதிரி பெட்டி விரிந்தது. முன்பக்கம், பின்பக்கம், இடப்பக்கம் மூன்றும் நிதானமாக வெளியே சாய்ந்தன. அம்மாளின் பக்கத்து வலைப்பலகை மட்டும், அவர் செய்த புண்ணியம், என் தலைமேல் சாய்ந்தது. நாற்பது பேருக்கு நடுவே, கையில் நான்கு ஆப்புகளோடு, தலையில் வலையோடு நின்றேன். முதலில் சிரித்தவள் கோமதி.

அந்த நேரம் பார்த்து சைக்கிள் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து இறங்கிய சாமியார், "யாருப்பா இவர்?" என்றார்.

"எங்க இன்ஜினீயர் சாருங்க சாமி. பேட்டன்ட் விசயமா வந்திருக்காரு" என்றார் பிலோமினா.

"சரி சரி, அவரும் வரிசையில நிக்கட்டும்."

சூசைக்கு நாற்பது வயதிருக்கும், மாட்டுவண்டி செய்கிற ஆசாரி. ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. என் கையிலிருந்த ஆப்புகளை வாங்கிக்கொண்டார். தூணை நிறுத்தினார். கைக்கு வந்த பலகையை எடுத்து, இது எந்தப் பக்கத்தது என்று பார்க்காமலே தூணில் வெட்டிய காடிப் பள்ளத்தில் இறக்கினார். உள்ளங்கையால் ஒரு தட்டு. சுத்தியலும் இல்லை, ஸ்பானரும் இல்லை. வரிசையில் இருந்தவர்கள் இருமி முடிப்பதற்குள் பெட்டி எழுந்து நின்றது. என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். அன்றுபோல் மெய்சிலிர்த்ததில்லை.

"இப்படிச் செய்யணும்னு எப்படித் தோணிச்சு?"

"சாமி நாலஞ்சு ஊருக்குப் போவணுங்க. பெட்டிய பஸ்சு மேல எடுத்துகினு போவணும். ஒரு பலக ஒடஞ்சா வேற பலக போடணும். அதான் எல்லாத்தையும் ஒரே அளவா அறுத்துட்டேன்."

பலகை விளிம்பில் உதடு மாதிரி ஒரு மடிப்பு, பக்கத்துப் பலகையின் மேல் ஏறிப் படிந்திருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"உள்ள பேசறது வெளிய போவக்கூடாதுங்களே. சந்து இருந்தா சத்தம் கசியும்."

என் பெட்டியில் என்னால் தீர்க்கவே முடியாதது அந்தச் சந்துதான். தகடுகளுக்கு இடையே கரித்தூள் புகுந்துகொண்டே இருந்தது. ரப்பர் வைத்தேன், அது வெயிலில் வெடித்தது. விண்ணப்பத்தில் அந்த இடத்தை மழுப்பி எழுதியிருந்தேன். ரகசியம் வெளியே போகாத சந்தில் தூசு மட்டும் உள்ளே போய்விடுமா என்ன?

பையிலிருந்த வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் மரியாதையோடு பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்குது. இத்தன போல்ட்டு எதுக்குங்க?"

கிளம்பும்போது அந்த அம்மாள் கோமதியிடம் வந்து, "ஐயா காதுல வுழுந்தது அங்கயே இருக்கட்டும்னு சொல்லுங்கம்மா" என்றார். இருக்கிறது. கோமதி கேட்காத வருஷமில்லை, நான் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக, ஆபீஸ் மொத்தமும் கேட்கும்படி பிலோமினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயரிடம் போய் விண்ணப்பம் வேண்டாம் என்றேன். அவர் முழுக் கதையையும் கேட்டார். பிறகு, "அந்த ஆசாரிய வரச் சொல்லு. முறைப்படி கூலி போட்டு, ஒர்க்‌ஷாப்புல உக்கார வச்சுக் கேப்போம்" என்றார். மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் ஏறி சூசை வந்தார். தகட்டுக்கு உதடு வந்தது, போல்ட் பன்னிரண்டாகக் குறைந்தது, தூசு நின்றது. காப்புரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கடைசிவரை அதற்கு 'சூசை பேனல்' என்றுதான் பெயர்.

மாமனாருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'திரு. சூசை அவர்களுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான் எழுதிய அந்தக் கடிதத்தையும் கவுன்ட்டரில் வாசித்துக் காட்டினாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிட முடியாது. ரசத்தில் ஒரு புதுப் பக்குவம் என்று நான் ஆரம்பித்தாலும், இது முன்னமே எங்கேயும் இல்லையா என்ற கோமதியின் கேள்வி தயாராக இருக்கும். போன மாதம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்து, வெட்கப்பட்டுக்கொண்டே, "அம்மா, உலகத்துலயே இப்படி ஒரு பொண்ணு கிடையாதும்மா" என்றான்.

கோமதி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சந்தோசம்ல. எதுக்கும் மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு தடவ விசாரிச்சிரு."