பதினாலு இஞ்ச் சக்கரமும் காவேரிப்பட்டினத்துச் சீரும்

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட ஒரே ஒரு முறைதான் போனாராம். ஆனால் காருக்குச் சக்கரம் பார்க்க அந்த மனிதர் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அப்படி அலைந்தவர் ஓசூரில் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்களுக்கு அவர் இஞ்ச் அண்ணன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சிப்காட் பக்கம் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். முன் போர்ஷனில் அவர், பின் அறையில் நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள். விருதுநகர்க்காரர். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. மயிரிழை கூடினாலும் பாகத்தைத் தூக்கி ஓரம் போடுகிற வேலை. மனைவி தனலட்சுமி பிரசவத்துக்குக் காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். பெண் குழந்தை. அந்தச் சமயத்தில்தான் அண்ணன் பழைய குட்டிக் கார் ஒன்றை வாங்கினார். இருவரையும் அதில்தான் அழைத்து வரவேண்டும் என்று ஆசை.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டவர் மைத்துனர். காரை முதலில் பார்த்தபோதே, "ஏன் மாமா, பாடி மட்டும் வந்திருக்குது, சக்கரம் எங்க?" என்று கேட்டுவிட்டார். பன்னிரண்டு இஞ்ச் கறுப்புச் சக்கரங்கள். உண்மையிலேயே தேடித்தான் பார்க்கவேண்டும்.

அன்று பிடித்தது பித்து. விடுமுறை கிடைத்தால் பெங்களூர் போய்க் கடை கடையாக அலாய் வீல் என்கிற பளபளா சக்கரங்களைப் பார்ப்பார். பதிமூன்றா, பதினாலா? பதிமூன்று போட்டால் ஓட்டம் சுகம், பார்வைக்குச் சுமார். பதினாலு போட்டால் பார்வைக்கு ராஜா. ஆனால் டயர் பட்டை மெலிந்து வண்டி குலுக்கும், பிக்கப் குறையும், பாரம் ஏற்றினால் மட்கார்டில் உரசவும் உரசும். இதைக் கேட்டுக் கேட்டு, வாடகை வாங்க வரும் வீட்டுக்கார அம்மாவுக்கே மனப்பாடம்.

கடைசியில் டி.வி. வந்த அட்டைப்பெட்டியை இரண்டு அளவில் வட்டமாக வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, முன் சக்கரத்தில் ஒன்றும் பின் சக்கரத்தில் ஒன்றுமாகக் கட்டினார்.

"தம்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு பாருங்க. எது எடுப்பா இருக்கு?"

"ரெண்டும் நல்லாத்தாண்ணா இருக்குது."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. மாமியா வீட்டுத் தெருவுல நிக்கிற மாதிரி நெனச்சுப் பாருங்க."

எதிர் பெட்டிக்கடைக் கன்னடக்காரர், "ஏன் சார், காடிகெ ஹப்பள கட்டிதீரா?" என்றார். வண்டிக்கு அப்பளம் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்கிறாராம். தெருவே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல், "எந்த அப்பளம் எடுப்பா இருக்குன்னு அவரையும் கேளுங்க தம்பி" என்றார்.

பதினாலே ஜெயித்தது. மாட்டிய மறுநாளே பரிசோதனை ஆரம்பம். மட்கார்டின் உள்பக்கம் களிமண் உருண்டைகளை ஒட்டி, எங்களை ஏற்றி, வேகத்தடைமேல் ஏறி இறங்குவார். பிறகு படுத்துக்கொண்டு, களிமண் எவ்வளவு நசுங்கியது என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பார். எடைப்படி எங்களுக்கு வேஷமும் கொடுத்திருந்தார். நான் மாமியார். ஒல்லிப்பிச்சான் சேகர் தனலட்சுமி. சேகர் மடியில் ஒரு பை கோதுமை மாவு, அதுதான் குழந்தை.

"சேகரு, பையை அப்பிடிப் பிடிக்காதீங்க. தல தொங்குது பாருங்க" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. நாங்கள் கிண்டல் செய்ய வாயெடுத்து நிறுத்திக்கொண்டோம். அவர் குழந்தையைப் பார்த்து மூன்று வாரமாகியிருந்தது. இத்தனை நாளும் அந்த மனிதர் சக்கரம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, வழி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் அழைத்து வர ஏற்பாடு. ஆடி பிறந்துவிட்டால் பெண்ணை அனுப்பமாட்டார்கள், அப்புறம் ஆவணிதான். துணைக்கு நானும் போனேன். மைத்துனர் காரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "மாமா, சும்மா ஜம்முனு இருக்குதுங்க" என்றார். அண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து சீர் வர ஆரம்பித்தது. மரத்தொட்டில், அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூட்டை, இரண்டு கூடை மாம்பழம். ஆளுக்கு ஆள் எடை பார்த்தவர், இதை நினைத்தே பார்க்கவில்லை.

"இதெல்லாம் எதுக்குங்கத்தே?"

"புள்ளைய வெறுங்கையோட அனுப்பிச்சா நாலு பேரு என்ன மாப்ள சொல்லுவாங்க?" என்று மாமியாரும் ஏறிக்கொண்டார்.

முதல் வேகத்தடையில் டயர் மட்கார்டில் உரசி 'கர்ர்ர்' என்றது. குழந்தை வீறிட்டது. அடுத்த பள்ளத்தில் மறுபடியும் கர்ர்ர், மறுபடியும் வீறிடல். ஊர் எல்லையிலேயே மாமியார் கையைக் காட்டிவிட்டார்.

"வண்டியத் திருப்புங்க மாப்ள. பச்சப் புள்ள தாங்காது. ஆடி கழியட்டும், சக்கரத்தச் சரி பண்ணிக்கினு வாங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தனலட்சுமி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அண்ணன் வண்டியைத் திருப்பவில்லை. எதிரே தெரிந்த பஞ்சர் கடையில் நிறுத்தினார்.

"இந்த வண்டிக்குப் பன்னண்டு இஞ்ச் பழசு ஏதாச்சும் இருக்காய்யா?"

"நாலு கெடக்குது சார், துருப்புடிச்சது. இது நல்லாத்தான இருக்குது, எதுக்குக் கழட்டறீங்க?"

"பிள்ள தூங்கலய்யா."

அலாய் வீல்கள் நான்கும் பஞ்சர் கடைச் சுவரில் சாய்ந்தன. அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குத் தெரிந்து போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை வந்துவிட்டது.

துருப்பிடித்த சக்கரத்தில் மெத்தென்று போனது கார். சூளகிரி தாண்டும்போது குழந்தை அயர்ந்து தூங்கியது, தனலட்சுமியும் தூங்கினார், மாமியாரும் தூங்கினார். ஓசூரில் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் அண்ணன் இன்ஜினை அணைக்கவில்லை. சத்தம் நின்றால் குழந்தை விழித்துவிடுமாம். இறங்கப்போன என் கையைப் பிடித்து, "செத்த நேரம் இப்பிடியே இருப்போம் தம்பி" என்றார் கிசுகிசுப்பாக. மடியில் மாம்பழக் கூடையோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் புனேவுக்கு வேலை மாறிப் போனார், தொடர்பு விட்டுப்போனது. எனக்கும் கல்யாணமாகி, ஒரு நாள் மனைவியையும் கைக்குழந்தையையும் காரில் அழைத்து வந்தேன். வீட்டு வாசலில் நின்றதும் இன்ஜினை அணைக்க மனம் வரவில்லை. பக்கத்து இருக்கையில் அண்ணன் இருந்திருக்கலாம் என்று அன்று ஏங்கியதுபோல் நான் யாருக்காகவும் ஏங்கியதில்லை.